அமெரிக்க உணவு வங்கிகளும் அவற்றின் கூட்டாளி அமைப்புகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் வாழும் தமிழர்களின் பேச்சில் ‘ஃபுட் பேங்க்’ என்ற சொல் அடிக்கடி அடிபடுகிறது. தமிழ்ச் சங்கம் பொங்கலையொட்டிப் பொருள் திரட்டுகிறது. பள்ளியில் சேவை மணிக்கணக்குக் காட்ட வேண்டிய பிள்ளைகள் சனிக்கிழமை காலையில் கிடங்கிற்குப் போகிறார்கள். ஆட்குறைப்பில் வேலை இழந்த குடும்பம் ஒன்று யாரிடமும் சொல்லாமல் வரிசையில் நிற்கிறது. ஆனாலும் இந்த ஏற்பாடு எப்படி இயங்குகிறது என்பது பலருக்கும் தெரிவதில்லை. சில ஆண்டுகளாக ஒரு கிடங்கிலும் ஒரு தேவாலயப் பேன்ட்ரியிலும் தன்னார்வலராக வேலை செய்பவன் என்ற முறையில், என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகளையும் அவற்றுக்கு எனக்குத் தெரிந்த விடைகளையும் இங்கே தொகுத்திருக்கிறேன்.

உணவு வங்கி என்பது இலவசமாகச் சாப்பாடு போடும் இடம்தானே?

இல்லை. பெரும்பாலான உணவு வங்கிகளில் அடுப்பே எரிவதில்லை. அது ஒரு பெரிய கிடங்கு. லாரிகள் பின்வாங்கி வந்து நிற்கும் சரக்கு மேடைகள், கூரை வரை அடுக்கிய பேலட்டுகள், ஆள் உள்ளே நின்று வேலை செய்யக்கூடிய அளவில் குளிர் அறைகள், இடைவிடாமல் ஓடும் ஃபோர்க்லிஃப்ட்டுகள் ஆகியவைதான் அங்கே கண்ணில் படும். பசித்தவர் நேராக அந்தக் கதவைத் தட்டினால், பல ஊர்களில் பக்கத்திலுள்ள ஒரு பேன்ட்ரியின் முகவரியைத்தான் கொடுப்பார்கள்.

வீட்டில் சமைத்துக்கொள்ள மளிகையும் காய்கறியும் கொடுக்கும் இடம் பேன்ட்ரி. சமைத்த உணவை உட்கார வைத்துப் பரிமாறும் இடம் சூப் கிச்சன். நம் ஊரில் பஞ்ச காலத்தில் திறக்கப்பட்ட கஞ்சித்தொட்டியின் அமெரிக்க வடிவம் என்று அதைச் சொல்லலாம். உணவு வங்கி இவ்விரண்டுக்கும் சரக்கு அனுப்பும் மொத்த மண்டி. ‘ஃபீடிங் அமெரிக்கா’ என்ற தேசிய அமைப்பின் வலையில் ஏறத்தாழ 200 உணவு வங்கிகளும், அவற்றிடமிருந்து சரக்கு எடுக்கும் ஏறத்தாழ 60,000 கூட்டாளி இடங்களும் இருக்கின்றன. பத்திரிகைப் படங்களில் கிடங்குதான் வருகிறது. உணவு கைமாறுவதோ இந்த 60,000 சிறிய இடங்களில்.

அந்தக் கூட்டாளி அமைப்புகள் யார்?

தேவாலயங்கள்தான் அதிகம். அவற்றோடு மசூதிகள், பள்ளிகள், கல்லூரிகள், முதியோர் மையங்கள், வீடற்றோர் தங்குமிடங்கள், சால்வேஷன் ஆர்மி போன்ற பழைய தொண்டு நிறுவனங்கள் ஆகியவையும் உண்டு. எனக்குத் தெரிந்த பேன்ட்ரி ஒரு தேவாலயத்தின் நிலவறையில் வியாழக்கிழமை மாலை மட்டும் இயங்குகிறது. எழுபது வயதைக் கடந்த நான்கு பெண்மணிகள் அதை நடத்துகிறார்கள். பழைய வாழைப்பழ அட்டைப்பெட்டிகளில் சரக்கு வந்து இறங்கும். உறுதியாகவும், கைபிடிக்க ஓட்டையுடனும், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும்படியும் இருப்பதால் அமெரிக்க உணவு வங்கி உலகம் முழுவதும் அந்தப் பெட்டிகளின் மேல்தான் நகர்கிறது. லிஃப்ட் கிடையாது, பெட்டிகள் படிக்கட்டில் கைமாறிக் கைமாறி இறங்க வேண்டும். முதல் ஆள் வருவதற்கு முன்பு, பெண்மணிகளில் ஒருவர் குளிர்பெட்டியைத் திறந்து வெப்பமானியைப் பார்த்து, தாளில் எண்ணைக் குறித்துக் கையெழுத்திடுவார். 41 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல் போனால் பாலையும் இறைச்சியையும் கொடுக்கக் கூடாது.

அந்தத் தாள் வெறும் சடங்கு அன்று. கூட்டாளியாகச் சேர விரும்பும் அமைப்பு வரிவிலக்குப் பெற்ற தொண்டு நிறுவனமாகவோ வழிபாட்டு அமைப்பாகவோ இருக்க வேண்டும். உணவை விற்கவோ, பண்டமாற்றுச் செய்யவோ, அதைப் பெறுபவரிடம் வேலை வாங்கவோ, பிரார்த்தனையில் கலந்துகொள்ளச் சொல்லவோ கூடாது என்ற ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டும். உணவுப் பாதுகாப்புப் பயிற்சி எடுக்க வேண்டும். உணவு வங்கியின் ஆய்வாளர் வந்தால் கிடங்கைத் திறந்து காட்ட வேண்டும். சில உணவு வங்கிகள் கையாளும் செலவுக்காக நன்கொடைச் சரக்கில் பவுண்டுக்குச் சில சென்டுகளைக் கூட்டாளிகளிடம் வாங்குகின்றன. இலவசப் பொருளுக்கு எதற்குக் கட்டணம் என்று முதலில் எனக்கும் எரிச்சல் வந்தது. ஒரு மாத மின்கட்டணத்தைப் பார்த்த பிறகு வரவில்லை.

இதை முதலில் தொடங்கியவர் யார்?

அரிசோனா மாநிலத்தின் ஃபீனிக்ஸ் நகரில் ஜான் வான் ஹெங்கல் என்பவர் 1967ஆம் ஆண்டு தொடங்கினார். வியாபாரத்திலிருந்து ஓய்வு பெற்று, ஒரு தொண்டு உணவுக்கூடத்தில் உதவி செய்துகொண்டிருந்தவர் அவர். கடைகளின் குப்பைத்தொட்டியிலிருந்து எடுத்த உணவைக் கொண்டே தன் பிள்ளைகளை வளர்த்துவந்த ஒரு தாய், வீணாகும் உணவைப் போட்டுவைக்கவும் வேண்டியவர் எடுத்துக்கொள்ளவும் வங்கி போன்ற ஓர் இடம் இருந்தால் நன்றாயிருக்கும் என்று அவரிடம் சொன்னதாக அந்த அமைப்பின் வரலாறு கூறுகிறது. செயின்ட் மேரீஸ் தேவாலயம் ஒரு பழைய கட்டடத்தையும் 3,000 டாலரையும் கொடுத்தது. முதல் ஆண்டிலேயே 2,75,000 பவுண்டு உணவு அதன்வழிப் போய்ச் சேர்ந்தது. பெயர் வைத்த பெருமை பெயர் தெரியாத அந்தத் தாயையே சேரும். பிற நகரங்களும் இதைப் பின்பற்றியதால் 1979இல் ‘செகண்ட் ஹார்வெஸ்ட்’ என்ற தேசிய அமைப்பு உருவாயிற்று. அதுவே 2008இல் ஃபீடிங் அமெரிக்கா என்று பெயர் மாற்றிக்கொண்டது.

சரக்கு எங்கிருந்து வருகிறது?

பல வாய்க்கால்கள் வந்து சேரும் ஏரியைப் போன்றது உணவு வங்கி. பெரிய மளிகைக் கடைகள், விற்பனைத் தேதி நெருங்கிய இறைச்சியையும் பாலையும் ரொட்டியையும் தருகின்றன. இவற்றில் பெரும்பகுதியைக் கிடங்கிற்குக் கொண்டுவராமல், பக்கத்துப் பேன்ட்ரியின் ஆட்களே கடைக்குப் போய் நேரடியாக எடுத்துக்கொள்கிறார்கள். தொழிற்சாலைகள், எழுத்துப் பிழையோடு அச்சான லேபிள் ஒட்டிய டப்பாக்களையும் விற்காமல் நின்ற புதுச் சுவை வகைகளையும் தருகின்றன. வளைந்த வெள்ளரிக்காயும், கடைக்காரர் விரும்பும் அளவுக்கு வளராத ஆப்பிளும் பண்ணைகளிலிருந்து வருகின்றன. பற்றாக்குறையை ஈடுகட்ட உணவு வங்கிகள் காசு கொடுத்தும் வாங்குகின்றன.

அரசு தரும் சரக்கின் கதை தனிக் கதை. 1981 இறுதியில், விலையைத் தாங்கிப் பிடிப்பதற்காக அரசு வாங்கிக் குவித்திருந்த பாலாடைக்கட்டி குளிர்க்கிடங்குகளில் வீணாகிக்கொண்டிருந்தபோது, அதில் 3 கோடி பவுண்டை ஏழைகளுக்குக் கொடுக்க அதிபர் ரீகன் உத்தரவிட்டார். அதிலிருந்து கிளைத்த திட்டத்துக்குத் ‘தற்காலிக அவசர உணவு உதவித் திட்டம்’ என்று பெயர். பசி தற்காலிகமாக இருக்க மறுத்ததால், 1990ஆம் ஆண்டுச் சட்டம் பெயரிலிருந்த ‘தற்காலிக’ என்ற சொல்லை மட்டும் எடுத்துவிட்டது. டெஃபாப் என்று சுருக்கி அழைக்கப்படும் அந்தத் திட்டம் இன்றும் நடக்கிறது. உலர்ந்த பயறு, அரிசி, வேர்க்கடலை வெண்ணெய், டப்பாவில் அடைத்த காய், உறைந்த கோழி முதலியவை அதன்வழி வருகின்றன.

கொடுத்த உணவால் யாருக்காவது நோய் வந்தால், கொடுத்த கடையின் மேல் வழக்குப் போடமாட்டார்களா?

இந்த அச்சத்தை நீக்குவதற்காகவே 1996இல் பில் எமர்சன் நற்சமாரியர் உணவு நன்கொடைச் சட்டம் வந்தது. நல்லெண்ணத்தோடு கொடுத்தவரையும் அதைப் பகிர்ந்தளித்த தொண்டு நிறுவனத்தையும் அது வழக்கிலிருந்து காக்கிறது. வேண்டுமென்றோ, மிக மோசமான அலட்சியத்தாலோ தீங்கு செய்தவருக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. கொடுக்கும் நிறுவனத்துக்கு வருமான வரியில் கூடுதல் கழிவும் கிடைக்கிறது. குப்பை அள்ளவும் காசு கொடுக்க வேண்டிய நாட்டில், உணவைக் கொடுத்துவிடுவது தருமம் என்பதோடு கணக்குக்கும் பொருந்திவருகிறது.

எந்த ஊருக்கு எந்தச் சரக்கு என்பதை யார் தீர்மானிக்கிறார்கள்?

இந்த அமைப்பில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். ஆகவே சற்று விரிவாகச் சொல்கிறேன்.

2005 வரை, ஒரு தொழிற்சாலை லாரி நிறையச் சரக்கு கொடுத்தால், தேசிய அலுவலகம் முறை வைத்து ஒரு உணவு வங்கியை அழைத்து ‘வேண்டுமா’ என்று கேட்கும். சில மணி நேரத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். அந்த உணவு வங்கியின் கிடங்கில் ஏற்கெனவே என்ன இருக்கிறது என்பது மேலிடத்துக்குத் தெரியாது. உருளைக்கிழங்குக்குப் பெயர்போன ஐடஹோ மாநிலத்துக்கே உருளைக்கிழங்கு அனுப்பும் கூத்தெல்லாம் இதனால் நடந்தது. வேண்டாமென்றால் அடுத்த முறை வரிசையில் பின்னால் தள்ளிவிடுவார்களோ என்ற பயமும் இருந்தது.

சிகாகோ பல்கலைக்கழகத்தின் பேராசிரியர்கள் சிலர், அவர்களுள் முக்கியமாகக் கேனிஸ் ப்ரெண்டர்காஸ்ட் என்ற பொருளியல் பேராசிரியர், உணவு வங்கி நடத்துபவர்களோடு உட்கார்ந்து பேசி வேறொரு முறையை வடிவமைத்தனர். ஒவ்வோர் உணவு வங்கிக்கும் அதன் வட்டாரத்து வறுமையின் அளவுக்கேற்ப ‘ஷேர்’ எனப்படும் ஒரு போலிப் பணம் வழங்கப்படுகிறது. அதை உண்மையான பணமாக மாற்ற முடியாது. நன்கொடையாக வந்த லாரிச் சரக்கை இணையவழி ஏலத்தில் எடுக்க மட்டுமே பயன்படும். தேவை அதிகமுள்ள வட்டாரத்துக்கு ஷேரும் அதிகம். அன்று செலவான ஷேர்கள் இரவில் மீண்டும் எல்லோருக்கும் பகிர்ந்தளிக்கப்படுவதால் சுழற்சி நிற்பதில்லை. சிறிய உணவு வங்கிகள் கடனாகவும் ஷேர் பெறலாம். யாரும் எடுக்க விரும்பாத சரக்காக இருந்தால், அதை எடுத்துச் செல்பவருக்கே ஷேர் கொடுக்கும் வகையில் விலை பூச்சியத்துக்குக் கீழேயும் போகலாம்.

ஏழைகளுக்குரிய உணவை ஏலம் விடுவதா என்று முதலில் சிலர் முகம் சுளித்தார்கள். ஆனால் விலைதான் அதுவரை வெளியே தெரியாமல் இருந்த தேவையைக் காட்டிக்கொடுத்தது. காலை உணவாகும் சீரியலும் பாஸ்தாவும் மிக அதிக விலைக்குப் போயின. கெட்டுப்போகாது, குழந்தைகள் தாமே எடுத்துச் சாப்பிடலாம். காய்கறி ஏறத்தாழ இலவசமாகப் போயிற்று, ஏனெனில் பண்ணைகள் நிறைந்த இடங்களில் அது தேவைக்கு மேல் கிடந்தது. காய்கறி மிகுந்த ஊர்க்காரர் அதை விட்டுக்கொடுத்துச் சீரியல் எடுத்தார்; நகரத்துக்காரர் கொஞ்சம் ஷேரில் நிறையக் காய்கறி எடுத்தார். தமக்கு மிஞ்சியதை ஏலத்துக்கு வைத்துப் பிறருக்கு அனுப்பும் வழக்கமும் வளர்ந்தது. சந்தைமுறையின் மேல் எனக்குப் பெரிய பக்தி கிடையாது. எல்லோர் கையிலும் தேவைக்கேற்ற பணத்தை முதலில் கொடுத்துவிட்டுத் திறக்கப்பட்ட சந்தை என்பதால் இதை மட்டும் ஏற்றுக்கொள்கிறேன்.

தேதி கடந்த டப்பாக்களைக் கொடுப்பதாகச் சொல்கிறார்களே, உண்மையா?

உண்மைதான், அதில் தவறில்லை. குழந்தைகளுக்கான பால்மாவு ஒன்றைத் தவிர, உணவின் மேல் தேதி அச்சிட வேண்டும் என்று அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் எதுவும் கட்டாயப்படுத்தவில்லை. ‘இதற்குள் பயன்படுத்தினால் சிறப்பு’ என்ற வாசகம் சுவையைக் குறிப்பது. அந்த நாள் கடந்ததும் உணவு நஞ்சாவதில்லை. கிடங்கில் பிரித்தெடுக்கும்போது தேதியைவிட டப்பாவின் உருவத்தைத்தான் உற்றுப் பார்க்கச் சொல்கிறார்கள். உப்பிய டப்பா உடனே குப்பைக்கு. பக்கவாட்டில் சிறு நசுங்கல் இருந்தால் பரவாயில்லை. மேல் விளிம்பிலோ இணைப்புத் தையலிலோ நசுங்கியிருந்தால் காற்று புகுந்திருக்கக்கூடும் என்பதால் அதுவும் குப்பைக்குத்தான். பால்மாவில் மட்டும் தேதி ஒரு நாள் கடந்திருந்தாலும் எடுத்துவிட வேண்டும்.

கிடைப்பதெல்லாம் சர்க்கரையும் மாவுப் பண்டமும்தானாமே?

முன்பு இந்தக் குறை பெரிதும் நியாயமானது. கடைகள் தலையில் கட்டியதையெல்லாம் வாங்கும் நிலையில்தான் உணவு வங்கிகள் இருந்தன. வாஷிங்டன் வட்டாரத்தின் கேப்பிட்டல் ஏரியா உணவு வங்கி 2016இல், பெரிய கேக்குகள், பண்டிகை மிட்டாய்கள், சர்க்கரைப் பானங்கள் ஆகியவற்றை இனி ஏற்பதில்லை என்று கடைகளிடம் சொல்லிவிட்டது. கொடுப்பவரிடம் ‘இது வேண்டாம்’ என்று சொல்வதற்குத் துணிச்சல் வேண்டும். 2020இல் வல்லுநர் குழு ஒன்று, கொழுப்பு, உப்பு, சர்க்கரை அளவைக் கொண்டு சரக்கைப் பச்சை, மஞ்சள், சிவப்பு என மூன்றாகப் பிரிக்கும் வழிகாட்டுதலை வெளியிட்டது. பல உணவு வங்கிகள் இன்று அதைப் பின்பற்றுகின்றன.

நாங்கள் சைவம். எங்களுக்குப் பயன்படுமா?

பேன்ட்ரியைப் பொறுத்தது. முன்பே கட்டிவைத்த பெட்டியைக் கொடுக்கும் இடத்தில் பன்றி இறைச்சி கலந்த பீன்ஸ் டப்பாவும் வரலாம். கடையைப் போல அலமாரியிலிருந்து நாமே தேர்ந்தெடுக்கும் பேன்ட்ரிகள் இப்போது பெருகிவருகின்றன. அங்கே பயறு, கொண்டைக்கடலை, அரிசி, காய்கறி, பால் போதுமான அளவு கிடைக்கும். வேண்டாததை எடுக்காமல் விடலாம் என்பதால் வீணும் குறைகிறது. வந்தவரின் மரியாதையும் கெடுவதில்லை.

பள்ளிகளும் மருத்துவமனைகளும் இதில் எப்படிச் சேர்ந்தன?

ஆர்கன்சா மாநிலத்தில், பள்ளிச் செவிலியர் ஒருவர், வயிற்றுவலியோடும் தலைச்சுற்றலோடும் தம்மிடம் வரும் பிள்ளைகள் பசியோடு இருப்பதைக் கவனித்து உணவு வங்கியிடம் உதவி கேட்டார். பள்ளியில் மதிய உணவு உண்டு. சனி, ஞாயிறில் வீட்டில் ஒன்றுமில்லை. வெள்ளிக்கிழமை மாலை பிள்ளைகளின் பையில் இரண்டு நாளைக்கான உணவைப் பிறர் அறியாமல் வைத்து அனுப்பும் ‘பேக்பேக்’ திட்டம் 1990களில் அப்படித்தான் பிறந்தது. அடுப்பு தேவைப்படாத, குழந்தையே திறக்கக்கூடிய பொருளாக இருக்க வேண்டும் என்பது அதன் விதி.

பாஸ்டன் மெடிக்கல் சென்டர் மருத்துவமனையில் 2001 முதல் ஒரு பேன்ட்ரி இயங்குகிறது. மருந்துச் சீட்டைப் போல மருத்துவரே உணவுக்கும் சீட்டு எழுதுகிறார், சரக்கு கிரேட்டர் பாஸ்டன் உணவு வங்கியிலிருந்து வருகிறது. கடந்த 12 மாதங்களில் பணம் வருவதற்குள் உணவு தீர்ந்துவிடுமோ என்று கவலைப்பட்டீர்களா, வாங்கியது போதாமல் போனதா என்ற இரண்டு கேள்விகளை இன்று பல மருத்துவமனைகள் நோயாளிகளிடம் வழக்கமாகவே கேட்கின்றன. இன்சுலின் ஊசி போட்டுக்கொண்டு சாப்பிடாமல் இருப்பவருக்கு என்ன ஆகும் என்பது மருத்துவருக்குத் தெரியும்.

போய் வாங்குவதற்கு என்ன காட்ட வேண்டும்? விசாவில் இருப்பவர்கள் போகலாமா?

பெரும்பாலான பேன்ட்ரிகளில் பெயர், அஞ்சல் குறியீடு, வீட்டில் எத்தனை பேர் ஆகியவற்றை மட்டுமே கேட்பார்கள். அரசுச் சரக்கு கொடுக்கும் இடங்களில், வருமானம் குறிப்பிட்ட வரம்புக்குள் இருக்கிறது என்று நாமே அறிவித்துக் கையெழுத்திட வேண்டியிருக்கும். சம்பளச் சீட்டைப் பொதுவாகக் கேட்பதில்லை. குடியுரிமையும் பெரும்பாலும் கேட்கப்படுவதில்லை. பிரிட்டனில் பல இடங்களில் மருத்துவரோ சமூகப் பணியாளரோ தரும் பரிந்துரைச் சீட்டோடு போக வேண்டியிருக்கும். அமெரிக்காவில் நேராகப் போகலாம். வேலை போன மாதத்தில் தயங்கி நின்ற நண்பர் ஒருவரை நானே காரில் அழைத்துப் போனேன். திரும்பும்போது அவர் பேசியதெல்லாம் அங்கே கிடைத்த கத்தரிக்காயின் அளவைப் பற்றித்தான்.

பொருளாகக் கொடுப்பது நல்லதா, பணமாகக் கொடுப்பதா?

பணம். ஒரு டாலர் 10 வேளை உணவு தர உதவுகிறது என்று ஃபீடிங் அமெரிக்கா கூறுகிறது. 1.2 பவுண்டு உணவு ஒரு வேளை என்பது அவர்கள் கணக்கு. நன்கொடையாக வந்த சரக்கை எடுத்துச் சேர்க்கும் செலவுதான் அந்த டாலர், பத்து வேளைக்கும் உணவை விலைக்கு வாங்கிவிடலாம் என்று பொருளன்று. அப்படியிருந்தும், நாம் கடையில் முழு விலை கொடுத்து வாங்கிப் போடும் டப்பாவைவிட அந்த டாலர் நிச்சயமாக அதிக தூரம் போகும்.

எங்கள் ஊர்த் தமிழ்ச் சங்கம் ஒருமுறை துவரம்பருப்பை மூட்டையாக வாங்கி, ஒரு வீட்டு கராஜில் உட்கார்ந்து, இரண்டு இரண்டு பவுண்டாக ஜிப்லாக் பைகளில் பிரித்துக் கொண்டுபோய்க் கொடுத்தது. கிடங்கின் பொறுப்பாளர் பைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, மிகுந்த வருத்தத்தோடு ஏற்க முடியாது என்றார். உள்ளே என்ன இருக்கிறது, எங்கே அடைக்கப்பட்டது, ஒவ்வாமை எச்சரிக்கை உண்டா என்று எந்த லேபிளும் இல்லை. மூட்டையாகவே கொண்டுவந்திருந்தால், தங்கள் சுத்தமான பிரிப்பறையில் வைத்துப் பிரித்திருக்கலாம் என்றும் சொன்னார். அந்த ஆண்டு சங்கத்து நிர்வாகிகள் வீடுகளில் வெகு நாள் சாம்பார்தான்.

பெருந்தொற்றுக் காலத்தில் என்ன நடந்தது?

2020 ஏப்ரலில் டெக்சாஸின் சான் அன்டோனியோ நகரில் ஒரு சந்தைத் திடலில் ஏறத்தாழ 10,000 குடும்பங்கள் உணவுக்காகக் காரில் காத்திருந்தன. வானிலிருந்து எடுத்த அந்தப் படம் நாடு முழுவதும் பரவியது. அதே வாரங்களில், முதியவர்களான தன்னார்வலர்கள் வீட்டிலேயே இருக்க வேண்டியிருந்ததால் பல பேன்ட்ரிகள் மூடிக்கிடந்தன. பல மாநிலங்களில் தேசியக் காவல் படையினர் கிடங்குகளுக்கு வந்து பெட்டி கட்டினார்கள். கார் டிக்கியைத் திறந்தால் பெட்டியை வைத்துவிட்டு அனுப்பும் முறை அப்போது பரவி, இன்றும் பல இடங்களில் நீடிக்கிறது.

அப்படியானால் உணவு வங்கிகளால் பசியை ஒழிக்க முடியுமா?

முடியாது; உணவு வங்கி நடத்துபவர்களே இதைத்தான் சொல்கிறார்கள். 2023இல் அமெரிக்க வீடுகளில் 13.5 சதவீதம் உணவுப் பாதுகாப்பு இல்லாதவை என்று வேளாண் துறை கணக்கிட்டது. ஆள் கணக்கில் 4.7 கோடிக்கும் மேல். அரசின் ‘ஸ்னாப்’ திட்டம் 2024இல் மாதந்தோறும் ஏறத்தாழ 4.2 கோடிப் பேருக்கு மளிகை வாங்க மட்டும் பயன்படும் அட்டையில் பணம் போட்டது. உணவு வங்கிகள் ஒரு வேளை உணவு கொடுத்தால் ஸ்னாப் ஒன்பது வேளை கொடுக்கிறது என்பது ஃபீடிங் அமெரிக்காவின் கணக்கு. அரிசி வாங்கும் அட்டைதாரர் எல்லோருக்கும் ரேஷன் கடையில் இலவச அரிசி கிடைக்கும் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களுக்கு, அரசு செய்ய வேண்டியதற்கும் தருமம் செய்யக்கூடியதற்கும் உள்ள இந்த அளவு வேறுபாட்டை விளக்கத் தேவையில்லை.

2025 அக்டோபர் 1 முதல் 43 நாட்கள் கூட்டாட்சி அரசின் அலுவல்கள் முடங்கியபோது, நவம்பர் மாத ஸ்னாப் பணம் பலருக்கு உரிய நாளில் வரவில்லை. பேன்ட்ரி வாசல்களில் வரிசை நீண்டது. ஒன்பது பங்கு நின்றால் ஒரு பங்கு அதை எப்படி நிரப்பும்? அதே ஆண்டின் தொடக்கத்தில், உள்ளூர் விவசாயிகளிடமிருந்து உணவு வங்கிகள் கொள்முதல் செய்ய ஒதுக்கிய கூட்டாட்சி நிதியும் ரத்தாகியிருந்தது.

என் ஊரில் பேன்ட்ரி எங்கே இருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

211 என்ற எண்ணை அழைத்து அஞ்சல் குறியீட்டைச் சொன்னால், பக்கத்திலுள்ள இடங்களையும் அவை திறக்கும் நேரத்தையும் சொல்வார்கள். ஃபீடிங் அமெரிக்காவின் தளத்திலும் அதே குறியீட்டைக் கொண்டு உங்கள் வட்டாரத்து உணவு வங்கியைத் தேடலாம். கிளம்புமுன் பேன்ட்ரியைத் தொலைபேசியில் அழைத்து நேரத்தை உறுதிசெய்துகொள்ளுங்கள். பல இடங்கள் வாரத்தில் இரண்டு மணி நேரமே திறந்திருக்கும், விடுமுறை வந்தால் அதுவும் இருக்காது. கையில் இரண்டு உறுதியான பைகளைக் கொண்டுசெல்லுங்கள். உதவி செய்யப் போகிறவர்களாக இருந்தால், எல்லோரும் வரும் நவம்பர், டிசம்பரை விட்டுவிட்டு, ஆள் கிடைக்காத ஜூலையில் போங்கள். எங்கள் பேன்ட்ரியின் படிக்கட்டில் பெட்டி இறக்க அப்போதுதான் கை போதாது.